முள்ளும் ஊசியும்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பாதம் கழுவும் சடங்கின்போது குருவானவர் பன்னிரு முறை குனிந்து நிமிர வேண்டும். கால் நூற்றாண்டுக்கும் மேலாக நாம் அதைச் செய்து வருகிறோம். அதில் உடலுக்கும் ஒரு வேலை உண்டென்று ஒருநாளும் எண்ணியதில்லை. சென்ற ஆண்டு ஐந்தாமவரின் பாதத்தில் நீர் வார்த்துவிட்டு எழ முயன்றபோது, இடப்புற இடுப்பிலிருந்து குதிகால்வரை மின்னல் பாய்ந்தாற்போல் ஒரு வலி ஓடியது. கையிலிருந்த செம்பு விழுந்து உருண்டது. பீடச்சிறுவன் ஒருவன் தோள் கொடுத்தான்; உபதேசியார் நாற்காலி கொண்டுவந்தார். எஞ்சிய எழுவரும் தத்தம் காலை உயர்த்தித் தர, நாம் அமர்ந்தபடியே கழுவி முடித்தோம். மக்களுள் பலர் கண் கலங்கினர். அவர்கள் அதை நம் பக்தி என்று கருதினார்கள் போலும். நாம் அப்போது நினைத்ததெல்லாம் எப்போது போய்ப் படுக்கலாம் என்பதே.

அதற்கு முன்பும் இடுப்பில் பிடிப்பு வந்ததுண்டு. மோட்டார் சைக்கிளில் கிளைக் கிராமங்களுக்குப் போய்வரும் குருக்களுக்கு அது புதிதன்று. தைலம் தேய்த்து, வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, இரண்டு நாள் கிடந்தால் விலகிவிடும். இது விலகவில்லை. உட்கார்ந்தால் வலி, இருமினால் வலி. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அரைமணி நேரம் அமர்ந்தால் இடக்கால் பெருவிரல் மரத்துப்போகும். நற்கருணைப் பேழையின் முன் முழந்தாளிட இயலாமல் தலை மட்டும் வணங்கிக் கடந்தோம். இரவுகளைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறோம். இத்தகைய வலி உள்ள இல்லங்களுக்கு அவை தெரிந்தவையே. மாத்திரையும் பயிற்சியுமாகப் பத்து வாரம் கழிந்தபின் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

நம் ஊர்ப்பக்கம் இதனைச் "சவ்வு விலகிவிட்டது" என்பார்கள். சொல் சற்றே பிழையாயினும் பொருள் பெரும்பாலும் சரி. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகள் உள்ளன. வட்டின் வெளிவளையம் உறுதியானது. உள்ளே கூழ்போன்ற பொருள் இருக்கிறது. நுங்கின் தோலைக் கீறிவிட்டு அழுத்தினால் உள்நீர் பீச்சுவதைப்போல, வெளிவளையம் கிழிந்த இடத்தில் இக்கூழ் பிதுங்கி அருகிலுள்ள நரம்பின் வேரைத் தொடுகிறது. தொட்ட இடம் அழுந்துவதோடு, அழற்சியுற்று வீங்கவும் செய்கிறது. இடுப்பின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படும் இத்தகைய வேர்கள் பல கூடி, உடலிலேயே மிகப் பருமனான நரம்பாகித் தொடையின் பின்புறமாகப் பாதம் நோக்கி இறங்குகின்றன. குற்றம் முதுகிலிருக்க, தண்டனை குதிகாலுக்கு வருவது இதனாலேயே. 1764-ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் தொமேனிக்கோ கொத்துஞ்ஞோ என்பவர், இவ்வலி மூட்டின் வலியன்று, நரம்பின் வலியே என்று பிரித்துக் காட்டி ஒரு நூல் எழுதினார். ஆயினும் வட்டு பிதுங்குவதே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது, 1934-இல் பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள் தங்கள் கட்டுரையை வெளியிட்ட பின்னரே.

விவிலியத்திலும் இந்நரம்புக்கு ஓர் இடமுண்டு. ஆதியாகமம் 32-ஆம் அதிகாரத்தில், யாபோக்கு ஆற்றங்கரையில் யாக்கோபு இரவெல்லாம் ஒருவரோடு மல்லாடுகிறார். விடியும் வேளையில் அவருடைய தொடைச்சந்து தொடப்பட்டுப் பிசகிவிடுகிறது. அதனால் இஸ்ராயேல் மக்கள் விலங்குகளின் தொடைச்சந்து நரம்பை உண்பதில்லை என்று அவ்வதிகாரம் முடிகிறது. அது இந்த நரம்பே என்று கொண்டு, மறைநெறி வழுவாத யூதர் இன்றும் அதை நீக்கியே இறைச்சி உண்கின்றனர். ஆசீர் பெற்ற யாக்கோபு நொண்டியபடியே நடந்துபோனார் என்னும் செய்தியைக் குருமடத்தில் படித்த நாளில் விரைவாகத் தாண்டிச் சென்றோம். இப்போது அவ்விடத்தில் நின்றுவிட்டோம்.

படத்தைப் பார்த்த மருத்துவர் அறுவைக்கு அவசரமில்லை என்றார். முதுகுத்தண்டில் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். தண்டுவடத்தைப் போர்த்தியுள்ள உறைக்கு வெளியே குறுகிய இடைவெளி ஒன்று உண்டு. அங்கே அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துவதே சிகிச்சை. அவர் மிகைப்படுத்திப் பேசுபவரல்லர். "இது சவ்வை உள்ளே தள்ளாது, ஃபாதர். தீயை அணைக்கும், எரிந்த கூரையை வேயாது. வலி தணிந்திருக்கும் வாரங்களில் நீங்கள் நடக்க வேண்டும், பயிற்சி செய்ய வேண்டும். சிலருக்குப் பயன் இல்லாமலும் போகும்" என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று கூறி வந்தோம்.

அச்சமே யோசனை என்னும் பெயரில் வந்தது, அதை மறைப்பதற்கில்லை. எத்தனையோ பேரை அறுவை அறையின் வாசல்வரை கைப்பிடித்து அழைத்துச் சென்று தைரியம் சொல்லியிருக்கிறோம். அத்தைரியத்தில் ஒரு துளியும் நம்மிடம் மிஞ்சியிருக்கவில்லை. பங்கிலோ செய்தி பரவிவிட்டது. முதுகில் ஊசி போட்டவர் கால் விளங்காமல் போனார் என்று ஒருவர் சொன்னார். பிரசவ அறுவையின்போது முதுகில் ஊசி போட்ட நாளிலிருந்தே தமக்கு இடுப்புவலி என்று தாய்மார் மூவர் சொன்னார்கள். மரியாயின் சேனையார் நவநாள் தொடங்கினர். "சாமிக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுத்தாயிற்றா?" என்று ஒரு பெரியவர் உபதேசியாரைக் கேட்டாராம்.

இக்கேள்விகள் நம் இல்லங்கள் பலவற்றில் எழுபவை. ஆகவே நாம் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறோம். வளர்ந்தவரின் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை இறங்குவதில்லை. இடுப்பெலும்புகளின் முதலாவது, இரண்டாவது மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால்போல் நரம்புக் கற்றையே தொங்குகிறது. நமக்குக் குறித்த இடம் அதற்கும் கீழே இருந்தது. பிரசவ ஊசியைப் பொறுத்தவரை, குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். ஆண்டுக்கணக்கான இடுப்புவலிக்கு அவ்வூசி காரணமென்று ஆய்வுகள் காட்டவில்லை. சுமந்த வயிறும், குனிந்து பிள்ளை தூக்கிய நாள்களும், ஓய்வின்றி உடனே தொடங்கிய வீட்டுவேலையும் காரணமாக இருக்கக்கூடும். இதைக் கணவன்மார் கவனித்துப் படித்தால் நன்று.

ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்வது பொய்யாகும். உறை துளைபட்டால் சில நாள் கடுந்தலைவலி வரலாம். இரத்தக் கசிவும் தொற்றும் அரிதாக நேர்கின்றன. 2012-இல் அமெரிக்காவில் பூஞ்சையால் மாசடைந்த ஸ்டீராய்டு மருந்து இவ்வகை ஊசிகளில் பயன்பட்டதால் 750 பேர் அளவில் நோயுற்றனர். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பக்கவாதம், பார்வையிழப்பு, செயலிழப்பு ஆகியவை மிக அரிதாக நேரக்கூடும் என்று அந்நாட்டு மருந்துக் கண்காணிப்புத் துறை 2014-இல் எச்சரித்தது. எனவே இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போரும், நீரிழிவு உள்ளோரும், காய்ச்சலோ புண்ணோ உள்ளோரும், கருவுற்றோரும் மருத்துவரிடம் ஒன்றையும் மறைக்கலாகாது. இன்னொன்று: காலில் வலுக்குறைவு கூடிக்கொண்டே போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுக்கடங்காமற் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, நவநாள் முடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வூசியின் வரலாற்றில் நமக்குச் சிரிப்பு வந்த இடமும் உண்டு. 1898-இல் செருமானிய நாட்டுக் கீல் நகரில் அவுகுஸ்து பீர் என்னும் அறுவை மருத்துவர் முதுகுத்தண்டு நீரில் கொக்கேயின் செலுத்தி உடலை மரக்கச் செய்தார். அது உண்மைதானா என்று தாமும் உதவியாளரும் ஒருவர்மீது ஒருவர் சோதித்தனர். உதவியாளரின் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்தும் அவருக்கு வலிக்கவில்லை. அன்றிரவு இருவரும் மதுவும் சுருட்டுமாகக் கொண்டாடினர். பின்னர் தலைவலியால் பீர் பல நாள் படுக்கையில் கிடந்தார். 1901-இல் பாரிஸ் நகரில் சிக்கார், கத்தலேன் என்போர் தனித்தனியே உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் முறையைக் கண்டனர். 1948-இல் கார்ட்டிசோன் முதன்முதலாக முடக்குவாத நோயாளிக்குத் தரப்பட்டது. 1952-இல் இத்தாலிய மருத்துவர்கள் அவ்வகை மருந்தை முதுகுத்தண்டு ஊசியில் சேர்த்தனர். நம் பாட்டிமாருக்கு இல்லாதிருந்த வழி இது.

ஊசிக்கு நாள் குறித்த வாரத்தில் ஓர் அம்மையார் நம்மைக் காண வந்தார். முன்பு நாம் பணியாற்றிய கடலோரப் பங்கைச் சேர்ந்தவர். தலையில் மீன்கூடை சுமந்து ஊரூராய் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். கையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். பேருந்து நிலையத்திலிருந்து நம் இல்லத்திற்கு நாலு இடத்தில் குந்திக் குந்தி எழுந்து வந்ததாகச் சொன்னார். கொஞ்சம் நடந்தால் இரு கால்களும் கனத்து இழுக்கும். குனிந்து உட்கார்ந்தால் விடும். நலம் விசாரித்தபின், கோபமோ குத்தலோ இன்றி ஐயம் கேட்பவர்போலவே கேட்டார்: "சாமிக்கு முதுகுல ஊசி போடப் போறாங்களாமே. எனக்கும் பத்து வருசத்துக்கு முந்தி பெரிய ஆஸ்பத்திரியில அதத்தான் சொன்னாங்க. உங்ககிட்ட வந்து கேட்டேன். ஆண்டவர் குடுத்த சிலுவை, ஒப்புக்கொடுத்துச் சுமங்கன்னு சொன்னீங்க. இப்ப போட்டுக்கலாமா சாமி?"

நாம் அதைச் சொன்ன நினைவு நமக்கில்லை. சொல்லியிருப்போம். ஞாயிறு பூசை முடிந்து, அடுத்த ஊர்ப் பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில், வாசற்படியில் நின்றபடி சொல்லியிருப்போம். கேட்க இனிய சொல். சொல்பவருக்குச் செலவில்லாத சொல். அவரோ அதைத் திருச்சபையின் தீர்ப்பென்று கொண்டு பத்தாண்டுகள் சுமந்திருக்கிறார்.

திருச்சபை அவ்வாறு தீர்ப்பிட்டதில்லை. இதை நாம் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவர்கள். வலி தணிக்கும் மருந்தை மறுத்து, நம்பிக்கையோடு வலியை ஏற்பது எல்லாருக்கும் கடமையா என்று இத்தாலிய மயக்க மருத்துவர் சங்கத்தினர் கேட்டனர். அதற்கு 1957 பெப்ருவரி 24-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் விடையளித்தார். அத்தகைய பொதுக் கடமை கிடையாது. தானாகவே மனமுவந்து வலியை ஏற்பவர் ஏற்கலாம். தணிக்க விரும்புபவர் தணித்துக்கொள்ளலாம். நெடுநாள் வலி மேலான நன்மைகளுக்கே தடையாகவும் கூடும் என்பது அவ்விடையின் சாரம். 1984-இல் துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றித் தனித் திருமடல் எழுதிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும், துன்பத்தை ஒப்புக்கொடுப்பதைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்தவில்லை. காயங்களில் எண்ணெயும் இரசமும் வார்த்த நல்ல சமாரியனைப் பற்றி நீண்ட பகுதியொன்றை அதில் வைத்தார். மருத்துவனை மதிக்கச் சொல்லும் சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம் நம் கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கிறது. அதை நம் மக்களுக்குப் படித்துக் காட்டாதது நம் தவறே.

ஆண்டவர் தமக்கு நீட்டிய வெள்ளைப்போளம் கலந்த இரசத்தைக் கல்வாரியில் மறுத்தாரே என்று சிலர் கேட்பர். மறுத்தார், மாற்கு அவ்வாறே எழுதுகிறார். அவர் ஏற்றது தம் சிலுவை. தாமே விரும்பி, உலகின் மீட்புக்காக ஏற்றது. ஆனால் தம்மிடம் நலம் வேண்டி வந்த நோயாளி எவரையும் "இந்நோயை நீயே வைத்துக்கொள்" என்று அவர் திருப்பி அனுப்பியதாக நான்கு நற்செய்திகளிலும் ஓரிடமும் இல்லை. நாம் அனுப்பினோம். புனித சின்னப்பர் தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மும்முறை மன்றாடிய பின்னரே, அருள் போதுமென்னும் விடையைப் பெற்றார். அவ்விடையை நாமே முந்திக்கொண்டு பிறர்க்கு வழங்குவதற்கு நமக்கு அதிகாரமில்லை.

அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதறிப்போய், "ஐயோ, சாமி அப்படிச் சொல்லக்கூடாது" என்று நம் கையைப் பிடித்துக்கொண்டார். நம் சிகிச்சை முடிந்ததும் அவரோடு மருத்துவமனைக்கு வருவதாக வாக்களித்தோம். மறுநாளே நம் மருத்துவருக்குச் சம்மதம் தெரிவித்தோம்.

பூசுதலைக் கேட்ட பெரியவருக்கும் விடை சொல்ல வேண்டும். இன்று அதன் பெயர் நோயில் பூசுதல். சாகும் தறுவாயில் மட்டும் தரப்படுவதன்று அது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே தெளிவாக்கியது. கடுநோயின்பொருட்டு அறுவைக்குச் செல்வோரும், முதுமையால் மிக நலிந்தோரும் கேட்டுப் பெறலாம், பெற வேண்டும். நம் நிலை அத்தகைய கடுநோயன்று. ஆகவே முந்திய மாலை அண்டைப் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தோம். அச்சத்தைப் பாவமென்று சொல்லத் தொடங்கியபோது அவர் சிரித்து, அடுத்ததைச் சொல்லச் சொன்னார்.

மறுநாட் காலை, அங்கியைக் கழற்றிவிட்டு, முதுகுப்புறம் முடிச்சிடும் பச்சை உடையை அணிவித்தார்கள். வயிற்றின் கீழ்த் தலையணை வைத்துக் குப்புறப் படுக்கச் செய்தார்கள். குருப்பட்டத்தன்று பீடத்தின் முன் இவ்வாறுதான் கிடந்தோம். மக்கள் புனிதர்களின் பிரார்த்தனை பாடினார்கள். அதனையே மனத்துக்குள் சொல்லத் தொடங்கினோம். மூன்றாம் பெயருக்கு அப்பால் செல்லவில்லை. குளிர்ந்த மருந்துநீரால் முதுகைத் துடைத்தார்கள். தோல் மரக்க ஒரு குத்து, அதுவே சுரீரென்றது. அதன்பின் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மருத்துவர் நீண்ட ஊசியை நகர்த்தியபோது அழுத்தம் மட்டுமே தெரிந்தது. மருந்து இறங்குகையில் நமக்கு நன்கு பழகிய அதே வலி, அதே வழியில், குதிகால்வரை ஓடியது. "வருகிறதா?" என்றார். வருகிறது என்றோம். "அதுதான் இடம்" என்றார். இருபது நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. ஆறு வாரம் அஞ்சியது இதற்கா என்று நாணமாகவும் இருந்தது. எனினும் அருகிலிருந்த செவிலியின் கையை நாம் இறுகப் பற்றியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

முதல் இரண்டு நாள் வலி கூடிற்று. முகம் சிவந்து, உறக்கமும் கெட்டது. இது மருந்தின் இயல்பென்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் நாள் கோயில் மணி ஓசையில் கண் விழித்தபோதுதான் இரவெல்லாம் உறங்கிவிட்டோம் என்று தெரிந்தது. வலி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பெருவிரலின் மரப்பு மட்டும் இன்றும் மாறவில்லை. நான்காம் மாதத்தில் வலி சற்றே திரும்பியது. ஆனால் அதற்குள் நடையும் பயிற்சியும் வழக்கமாகிவிட்டிருந்தன. இதைக் கேட்டு எல்லாரும் ஊசிக்கு ஓடவேண்டா. 2020-இல் காக்கிரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு நிறுவனம் 25 ஆய்வுகளை ஒன்றாக நோக்கி, இவ்வூசியால் கிடைக்கும் தணிவு சராசரியாகச் சிறிது, அதுவும் குறுகிய காலத்துக்கே என்று கண்டது. வட்டுப் பிதுக்கம் பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுவதும் உண்டு. நமக்குக் கிடைத்ததை இன்னொருவருக்கு வாக்களிக்க நம்மால் ஆகாது.

வாக்களித்தபடி, அந்த அம்மையாரையும் அவர் மகளையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஸ்கேன் அறைக்குள் உலோகம் எதுவும் கொண்டுபோகக் கூடாதென்றார்கள். அவர் காதுத் தோட்டையும், கழுத்திலிருந்த சுரூபத்தையும், இடுப்பில் முடிந்திருந்த செபமாலையையும் ஒவ்வொன்றாய் எடுத்து நம் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். வெளியே பெஞ்சில் அமர்ந்து அந்தச் செபமாலையிலேயே செபித்தோம். மணிகள் தேய்ந்து வழுவழுப்பாய் இருந்தன.

அவருக்கு வட்டு பிதுங்கிய நோயன்று. வயதாலும் சுமையாலும் எலும்பு தடித்து, நரம்புகள் செல்லும் குழாயே மூன்று இடங்களில் குறுகியிருந்தது. இதற்கு ஊசியால் பெரும்பயன் இராது என்றும், மருந்தும் பயிற்சியும் கொடுத்துப் பார்ப்போம், கால் வலுக்குறைந்தால் அறுவையைப் பற்றி யோசிப்போம் என்றும் மருத்துவர் சொன்னார். தலைச்சுமை அறவே கூடாதென்றார். பத்தாண்டுக்கு முன்பே வந்திருந்தால் என்று நாம்தான் கேட்டோம். "அதைச் சொல்ல முடியாது" என்றார் அவர். அம்மையார் அதில் அக்கறை காட்டவில்லை. தோட்டை மாட்டிக்கொண்டே, "திரும்ப எப்ப வரணும்னு கேட்டீங்களா சாமி?" என்றார். கேட்டிருந்தோம். அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாய், காலை எட்டு மணிக்கு. அன்று வழக்கமான ஏழு மணித் திருப்பலி ஆறு மணிக்கே நடைபெறும் என்று பங்கில் அறிவித்திருக்கிறோம்.